பெயரைச் சொல்லக் கூசும் அனிமே: எதை, யாரோடு, எதுவரை பார்க்கலாம்?

"அண்ணே, நல்ல கதைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பேரைப் பார்த்தாலே வீட்டுல போட பயமா இருக்கு. எதுல தொடங்கட்டும்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர் எல்லாம் முடித்துவிட்டார்கள். அடுத்து என்ன என்று கேட்டால் நண்பர்கள் நீட்டும் பட்டியலில் ஒன்று முயல் உடை போட்ட பெண்ணைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. இன்னொன்றில் சாப்பிட்டதும் உடை பறக்கிறது. வேறொன்றை இணையமே கூடி நின்று திட்டுகிறது. ஆனாலும் பார்த்தவர்கள் அவற்றை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளை மனதில் வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்களில் இன்றும் பெரும்பாலும் ஒரே டிவிதான், அதுவும் ஹாலில். பாட்டி சீரியல் முடிந்துதான் எழுந்திருப்பார். அப்பா ஷிஃப்ட் முடிந்து எந்த நேரமும் கதவைத் திறக்கலாம். ஒரு காட்சி தவறான நேரத்தில் ஓடிவிட்டால் "இனிமேல் இந்த வீட்டில் ஜப்பான் கார்ட்டூனே வேண்டாம்" என்று ஒரே பேச்சில் முடிந்துவிடும். தங்கச்சி பார்க்கும் டோரேமானுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை. ஆகவே இதைக் கொஞ்சம் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலில் பார்ப்பது, கூச்சம் எங்கே இருக்கிறது என்பது. சில தொடர்களில் அது பெயரிலும் விளம்பரப் படத்திலும் மட்டும் இருக்கும். உள்ளே போனால் பயப்பட ஒன்றும் இருக்காது. சிலவற்றில் அங்கங்கே காட்சிகளில் வந்து போகும்; அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். இன்னும் சிலவற்றில் கதாநாயகனின் குணத்திலேயே கலந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டுக் கதையை மட்டும் பார்க்க வழியே இல்லை. என் கணக்கில் மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான்.

அடுத்தது சத்தம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. திரையைத் திருப்பி மறைத்துவிடலாம். ஜப்பானியக் குரல் நடிகர்கள் உயிரைக் கொடுத்துப் போடும் முனகலையும் அலறலையும் எப்படி மறைப்பது? பக்கத்து அறையில் இருப்பவருக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அவர் கற்பனை செய்துகொள்வது உண்மையான காட்சியைவிட மோசமாக இருக்கும்.

அப்புறம், கதை தன் நிஜ முகத்தைக் காட்ட எத்தனை எபிசோட் ஆகிறது, எங்கே நிறுத்தினால் மனநிறைவு இருக்கும், பிறகு தெரியவரும் செலவுகள் என்ன என்பதையும் பார்க்கிறேன். பணம், டேட்டா, தூக்கம், வீட்டார் உங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை எல்லாமே செலவுதான்.

| தொடர் | ஆண்டு, அளவு | கூச்சம் எங்கே | ஹால் டிவியில்? | எதுவரை? |
|---|---|---|---|---|
| பன்னி கேர்ள் சென்பாய் | 2018, 13 எபிசோட் | பெயரிலும் போஸ்டரிலும் | அண்ணன் அக்காவோடு சரி | 13, பிறகு 2019 திரைப்படம் |
| மை டிரெஸ்-அப் டார்லிங் | 2022, முதல் சீசன் 12 எபிசோட் | காட்சிகளில் | வேண்டாம் | முழுவதும் |
| ஃபுட் வார்ஸ் | 2015–2020, 86 எபிசோட் | காட்சிகளிலும் சத்தத்திலும் | வேண்டவே வேண்டாம் | நான்காவது சீசன் முடிவு |
| ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன் | 2012, முதல் சீசன் 25 எபிசோட் | கெட்ட பெயரில். பின்பாதிக் காட்சிகளில் | முதல் பாதி சரி | 14. பிறகு இரண்டாம் சீசனில் 18–24 |
| முஷோகு டென்செய் | 2021, முதல் சீசன் 23 எபிசோட் | நாயகனிடமே | கூடாது | உங்கள் முடிவு |

## பன்னி கேர்ள் சென்பாய்

இந்தப் பட்டியலில் பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள தொடர் வேறு இல்லை. ஃபுஜிசாவா பகுதியில், எனோஷிமா கடற்கரையை ஒட்டி நடக்கும் கதை. சகுராஜிமா மாய் சிறுவயதிலிருந்தே புகழ்பெற்ற நடிகை. இப்போது நடிப்பை நிறுத்திவிட்டு சாதாரண மாணவியாகப் பள்ளிக்கு வருகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறாள். நிஜமாகவே யாருக்கும் தெரியவில்லையா என்று சோதிக்க முயல் உடையில் நூலகத்துக்குள் நடக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அசுசகாவா சகுதா என்ற ஒரு மாணவனைத் தவிர. தலைப்பில் இருக்கும் உடைக்கு இதுதான் காரணம். முதல் எபிசோடிலேயே அது தெரிந்துவிடும்.

பிறகு வரும் ஒவ்வொரு கதையும் பதின்ம வயதின் ஒரு பயத்தை எடுத்துக்கொள்கிறது. தோழிகள் கூட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று நடுங்கும் கோகா தோமோயே ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். தன் உடலையே வெறுக்கும் ஃபுதபா ரியோ இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுகிறாள். சகுதாவின் தங்கை காயெதே, கைப்பேசிச் செய்தி ஒன்றுக்குப் பதில் போடாததில் தொடங்கிய பகையால் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவளாகிறாள். ஸ்க்ரோடிங்கரின் பூனை, லாப்லாஸின் பூதம் என்று இயற்பியலைத் தொட்டுப் பேசினாலும், தொடருக்கு முக்கியமானது அறிவியலைவிட வகுப்பறையின் மௌனம். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி நடக்கிறது, அதை எதிர்த்து ஒருவன் நிற்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்று அது கேட்கிறது. மூன்றாவது எபிசோடில் பள்ளி முழுக்கப் பார்க்க சகுதா செய்யும் காரியம் அதற்கான பதில். நான் பார்த்த பள்ளிக்கூடக் கதைகளில் இவ்வளவு துணிச்சலான காட்சி குறைவு.

சின்ன ஊர்க்காரர்களை இந்தக் கதை பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சந்தையில் ஒருவர் சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் கோயில் வாசலுக்கு வந்துவிடும் ஊரில், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற அழுத்தம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறை? சகுதாவுக்கு வாய்த்துடுக்கு அதிகம். மாயிடம் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். சப்டைட்டில் படிக்கத் தெரிந்த அப்பா பக்கத்தில் இருந்தால் நெளிய வேண்டிவரும். முதலில் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. மக்கினோஹாரா ஷோகோ என்ற பெண்ணின் கதை 13 எபிசோடுக்குள் முடிவதில்லை. அது 2019 திரைப்படத்தில்தான் முடிகிறது. படத்தைப் பார்க்காமல் விட்டால் பாதியில் எழுந்து வந்தது போலத்தான். அதற்குப் பின்னால் 2023-இல் இரண்டு படங்களும் 2025-இல் புதிய சீசனும் வந்தன, அவை விருப்பமிருந்தால்.

## மை டிரெஸ்-அப் டார்லிங்

இதை நான் மனசார விரும்புகிறேன். இதைத்தான் மிகக் கவனமாகப் பரிந்துரைக்கவும் செய்கிறேன்.

கோஜோ வகானா ஹினா என்ற ஜப்பானியப் பாரம்பரிய பொம்மை செய்யும் தாத்தாவிடம் வளர்ந்தவன். கதை நடக்கும் சைதாமாவின் இவாட்சுகி பொம்மைத் தொழிலுக்கு உண்மையிலேயே பெயர்போன ஊர். ஆண்பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறானா என்று சின்ன வயதில் ஒரு தோழி சொன்ன சொல் அவனைத் தனிமையில் தள்ளிவிட்டது. வீட்டுத் தையல் இயந்திரம் பழுதாகிவிட, பள்ளியில் இருப்பதில் பொம்மை உடை தைத்துக்கொண்டிருப்பவனைக் கிதகாவா மாரின் பார்த்துவிடுகிறாள். அவளுக்குக் காஸ்ப்ளே ஆசை, அதாவது கதாபாத்திரங்களைப் போல உடையணிந்து வேடம் போடும் ஆசை. அவள் போட நினைப்பதோ பெரியவர்களுக்கான ஒரு கணினி விளையாட்டின் பாத்திரம். கோஜோ சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. உடையைச் சரியாகத் தைக்க வேண்டும் என்பதற்காக அந்த விளையாட்டை விளையாடிப் பார்த்துக் குறிப்பெடுக்கிறான்.

இந்த இடத்தில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. ஒருவர் விரும்புவதை இன்னொருவர் கேலி செய்யாமல் எடுத்துக்கொண்டு, அதற்குத் தன் முழுத் திறமையையும் கொடுக்கிறார். தைப்பூசத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து மயிலிறகும் மணியும் கோத்துக் காவடி கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கோஜோவை உடனே அடையாளம் தெரியும். துணியின் எடை, பொய்முடியை வெட்டும் விதம், ஒரு மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பது வரை தொடர் நின்று காட்டுகிறது. தாத்தா மருத்துவமனையில் இருக்க, கெடு இரண்டே வாரம் என்று தவறாக எண்ணிக்கொண்டு கோஜோ தூக்கமின்றித் தைக்கும் நாலாவது எபிசோடை, கைத்தொழில் தெரிந்தவர்கள் கலங்காமல் பார்க்க முடியாது.

ஆனால் இரண்டாவது எபிசோடில் அளவெடுக்கும் காட்சி நீளமாக வருகிறது. மாரின் நீச்சல் உடையில் நிற்கிறாள், கேமரா கூசாமல் பார்க்கிறது. பதினோராவது எபிசோடில் இன்னொரு காட்சி. இரண்டும் கதைக்குத் தேவையான அளவைவிட அதிகம் என்பதே என் கருத்து. ஹாலில் போடாதீர்கள். தனியாக, காதில் ஹெட்போனோடு.

மறைந்திருக்கும் செலவு பர்ஸுக்குத்தான். இதைப் பார்த்துவிட்டுப் பொய்முடி, துணி, ஒப்பனைப் பொருள் என்று தேடத் தொடங்கியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்தா என்ற அனிமே விழாவுக்குப் போகும் ஆசை வந்துவிட்டால் ரயில் டிக்கெட், நுழைவுச் சீட்டு, தங்கும் இடம் என்று கணக்கு ஏறும். ஆசை தப்பில்லை, முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். தையல் தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் பாதிச் செலவு குறையும்.

## ஃபுட் வார்ஸ்

யுகிஹிரா சோமா, அப்பாவின் சிறிய சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவன். டோட்சுகி என்ற சமையல் பள்ளிக்குப் போகிறான். அங்கே எல்லாத் தகராறும் சமையல் போட்டியில்தான் தீரும். சமையல் குறிப்புகளுக்கு மொரிசாகி யூகி என்ற சமையல் கலைஞர் இதன் மூலமான மங்காவுக்கு (ஜப்பானியப் படக்கதைக்கு) துணை நின்றார். அதனால் வரும் உணவுகளில் பல வீட்டிலேயே செய்யக்கூடியவை. இரண்டாவது எபிசோடின் முட்டைச் சோறு நல்ல உதாரணம். கோழி இறக்கையை சோயாவோடு கொதிக்கவைத்த சாறு, ஆறினால் தானாகவே உறையும். அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சூடான சோற்றில் முட்டையோடு போட்டால் உருகி ஒவ்வொரு பருக்கையிலும் இறங்கும். செலவு சில வெள்ளிதான்.

நம்மவர்களுக்கு இன்னொரு ஈர்ப்பு, முதல் சீசனின் கடைசிப் பகுதி முழுக்கக் கறிப் போட்டி. மசாலா வாசனையில் மன்னனான ஹயாமா அகிராவும் சோமாவும் மோதுவதை, மசாலா அரைக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் வேறு யாரையும்விட நன்றாக ரசிக்கலாம்.

ஆனால் சாப்பாடு வாயில் பட்டதும் உடை கிழிகிறது, பறக்கிறது, கூடவே குரல். மங்காவை வரைந்த சயெகி ஷுன் அதற்கு முன் பெரியவர்களுக்கான கதைகள் வரைந்தவர். அந்தக் கை பழக்கம் இங்கே தெரிகிறது. முதல் எபிசோடிலேயே கணவாயும் நிலக்கடலை வெண்ணெயும் வைத்து ஒரு காட்சி வருகிறது. அதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை, ஒரு பெண் அருவருப்பில் நெளிவதை வேடிக்கையாக்குகிறது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தாண்டிப் போகிறவர்களுக்கு, போகப் போக அந்தக் காட்சிகள் பழகிவிடும், சமையல் முன்னுக்கு வரும்.

சத்தம் என்ற அளவுகோலில் இந்தத் தொடருக்குத்தான் கடைசி இடம்.

86 எபிசோட் என்பது பெரிய சுமை. ஐந்தாவது சீசன் முந்தையவற்றின் பக்கத்தில்கூட வராது. நான்காவது சீசனோடு, அதாவது 73 எபிசோடோடு, கதை நிறைவாக முடிகிறது. அங்கே எழுந்துவிடுங்கள். பன்றி, மாட்டிறைச்சி உணவுகள் அடிக்கடி வரும். அது சங்கடமான வீடுகள் கவனிக்கவும்.

## ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்

இதன் சிக்கல் வேறு. பெயரில் கூச்சம் ஒன்றும் இல்லை. பிடிக்கும் என்று சொன்னால் அனிமே அதிகம் பார்த்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நாயகன் கிரிதோ எதையும் சுலபமாக ஜெயிக்கிறான், சந்திக்கும் பெண்கள் எல்லாம் அவனை விரும்புகிறார்கள், கதை தாவித் தாவி ஓடுகிறது என்பவை வழக்கமான புகார்கள். மூன்றும் நியாயமானவை.

தாவலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கவஹரா ரெகி ஒரு நாவல் போட்டிக்காகவே இதை எழுதினார். பக்க வரம்பைத் தாண்டியதால் இணையத்தில் வெளியிட்டார். முதல் புத்தகம், கதை நடக்கும் விளையாட்டு உலகில் முடிவுக்கு அருகில் வரும் தளங்களை (மாடிகளை) மட்டும் சொல்கிறது. இடையில் நடந்தவை பிறகு சிறுகதைகளாக வந்தன. அனிமே அவற்றைக் கால வரிசையில் அடுக்கியதால் மாதங்கள் காணாமல் போகின்றன.

இருந்தும் முதல் 14 எபிசோடுக்கு ஒரு பிடி உண்டு. பத்தாயிரம் பேர் ஒரு விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். 100 தளங்களையும் தாண்டினால்தான் வெளியே வர முடியும், உள்ளே செத்தால் வெளியேயும் சாவு. மூன்றாவது எபிசோடில் சிறிய குழு ஒன்றுக்கு நேர்வதும், பிறகு கிறிஸ்துமஸ் இரவில் கிரிதோவுக்கு வரும் குரல் செய்தியும் இந்தத் தொடரைத் திட்டுகிறவர்கள்கூட மறுக்காத பகுதி. கஜியுரா யூகியின் இசை அதை இன்னும் ஆழமாக்குகிறது. பள்ளி முடிந்து சைபர் கஃபேயில் மணிக்கணக்காக உட்கார்ந்து வளர்ந்த அண்ணன்மார்களுக்கு, விளையாட்டில் சேர்ந்த நட்பும் நிஜ நட்புதான் என்று இது சொல்வது நேராகப் போய்ச் சேரும்.

15 முதல் 25 வரை விட்டுவிடலாம். நாயகி அசுனாவைக் கூண்டில் அடைத்துக் காட்சிப்பொருளாக்குகிறார்கள், 24-ஆவது எபிசோடில் அவளுக்கு நடப்பது பார்க்கவே கஷ்டம். அதற்கு வேண்டிய கனமும் கதையில் இல்லை. கதைச் சுருக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு, 2014-இல் வந்த இரண்டாம் சீசனின் 18 முதல் 24 வரை பாருங்கள். யூகி என்ற சிறுமியின் கதை அது. அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

## முஷோகு டென்செய்

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த 34 வயது ஆள் செத்து, ருடியஸ் என்ற குழந்தையாக வேறோர் உலகில் பிறக்கிறான். ஓவியத்தில், உலகத்தை விரிக்கும் விதத்தில் இந்தப் பட்டியலில் இதற்கு ஈடில்லை. ஸ்டுடியோ பைண்ட் இந்தத் தொடருக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம். வெளியே போகப் பயந்த ருடியஸை ஆசிரியை ராக்ஸி குதிரையில் ஏற்றி வாசல் தாண்டிக் கூட்டிப்போகும் இரண்டாவது எபிசோட் காட்சி அழகானது.

ஆனால் அந்தக் குழந்தை உடலுக்குள் இருப்பது பழைய ஆளின் புத்தி. சிறுமிகளிடம் அவன் நடந்துகொள்ளும் விதத்தைக் கதை சில இடங்களில் கண்டிக்கிறது, பல இடங்களில் சிரிப்புக்கு விடுகிறது. அவன் மெல்ல மெல்லத் திருந்துவதுதான் கதையே என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்குப் புரிகிறது, ஏற்க முடியவில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். குணக்கேடான நாயகனைத் தூரத்தில் நின்று பார்க்கத் தெரிந்த பெரியவர்கள், கற்பனை உலகக் கதைகளில் ஆழ்ந்த விருப்பம் உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## எல்லாத் தொடருக்கும் பொதுவான செலவு

திருட்டுத் தளங்களில் பார்க்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஓரத்தில் வரும் சூதாட்ட விளம்பரமும் ஆபாச விளம்பரமும் தொடரில் உள்ள எதையும்விட மோசம். அப்பா பார்ப்பது அதைத்தான். யூடியூபில் மியூஸ் ஆசியா, அனி-ஒன் ஆசியா போன்ற சேனல்கள் தென்கிழக்கு ஆசியாவுக்கு உரிமம் வாங்கிப் பல தொடர்களை இலவசமாகவே போடுகின்றன. உரிமக் காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள், ஆகவே தொடங்கும் முன் எல்லா எபிசோடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குடும்பம் முழுக்க ஒரே யூடியூப் கணக்கில் இருந்தால், நீங்கள் இரவில் பார்த்தது காலையில் அம்மா பக்திப் பாட்டுத் தேடும்போது முகப்பில் வந்து நிற்கும். தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பார்த்த வரலாற்றை நிறுத்திவையுங்கள்.

## யாருக்கு எது

ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்பவருக்கு பன்னி கேர்ள் சென்பாய். கைவேலையில் ஆசை உள்ளவருக்கு, தனியறை இருந்தால், மை டிரெஸ்-அப் டார்லிங். சமைக்கப் பிடித்தவர் முதல் எபிசோடைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் ஃபுட் வார்ஸ். விளையாட்டுப் பிரியர்களுக்கு ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன், நான் சொன்ன எபிசோடுகள் மட்டும்.

வீட்டோடு சேர்ந்து பார்க்க வேண்டும், கதையும் வினோதமாக இருக்க வேண்டும் என்றால் பட்டியலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. 2023-இல் வந்த 'ரீபார்ன் அஸ் எ வெண்டிங் மெஷின்', செத்தவன் பானம் விற்கும் தானியங்கி இயந்திரமாகப் பிறக்கும் கதை. முதல் சீசன் 12 எபிசோட். பாக்ஸோ என்ற அந்த இயந்திரத்தால் நகர முடியாது, விற்பனை வாக்கியங்கள் சிலவற்றைத் தவிரப் பேசவும் முடியாது. பலசாலியான லம்மிஸ் என்ற பெண் அதை முதுகில் சுமந்துகொண்டு போகிறாள். கேட்கும்போது அசட்டுத்தனமாகத் தோன்றும். பார்த்தால் மனசு இதமாக இருக்கும். தங்கச்சி, தம்பியோடு பார்க்க இதுவே முதலில்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் இருப்பவர்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பன்னி கேர்ள் 13 எபிசோட் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு பள்ளி விடுமுறையில் அடங்கிவிடும். ஃபுட் வார்ஸின் 73 எபிசோடுக்கு 29 மணி நேரம் வேண்டும். அதைத் தேர்வு முடிந்த பிறகு தொடங்குங்கள்.